சாப்பிட்டவர்

பசியை ஒழிக்க அரசாங்கம் முதலில் உணவுத் துறையைத்தான் நம்பியது. அந்தத் துறை மூட்டைகளோடும் லாரிகளோடும் எலிகளோடும் அல்லாடியதில் கெட்ட பெயர்தான் மிச்சம். பிறகு யாரோ ஒரு பெரிய மனிதருக்கு ஒரு யோசனை தோன்றியது. பசி வயிற்றில் இருக்கும்வரைதான் தொந்தரவு. எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும், பராமரிப்பதும் சுலபம். அப்படிப் பிறந்ததுதான் பசி ஒழிப்புப் பொதுக்கலை வாரியம். அதற்குத் தலைவர் உண்டு, காட்சி அதிகாரி உண்டு, வண்ண ஆலோசகர் உண்டு, வெளிச்சத்துக்கென்றே ஒருவர் உண்டு. சமையல்காரர் மட்டும் கிடையாது. சமையல்காரர் இருந்தால் கவனம் சிதறும் என்று தலைவர் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டாராம்.

அந்த வாரியம் எங்கள் பகுதிக்கு வந்த கதை இது.

எங்கள் பகுதி என்றால் பாட்டில் தொழிற்சாலைக்குப் பின்னால் கிடக்கும் நாலைந்து தெருக்கள். தொழிற்சாலை மூடிய பிறகு அங்கே புகை விட்டது ஒரே ஓர் இடம்தான், எங்கள் சமூகக் கூடம். தகரக் கூரை, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், மூலையில் ஒரு விறகடுப்பு. அடுப்பின் மேல் ஓர் ஆளே இறங்கிக் குளிக்கலாம் போல ஒரு செம்பு அண்டா. அந்த அண்டா அண்டாக்காவுடையது. அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். இப்போது கேட்டால் அவளே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள்.

அண்டாவுக்கு முன்னால் பழைய படுக்கை விரிப்பு ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தாள். காலையில் வருகிறவர்கள் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய், வீட்டில் இருந்ததை அண்டாவில் போட்டுவிட்டு வர வேண்டும். பிடி அரிசி, பாதி வெங்காயம், கடைக்காரர் கழித்துக் கொடுத்த பூசணித் துண்டு, எதுவானாலும் சரி. யார் என்ன போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே போய் வெறுங்கையை அண்டாவுக்குள் உதறிவிட்டு நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தவர்களும் இருந்தார்கள். அந்த நேரத்தில் அண்டாக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். மத்தியானம் எல்லோருக்கும் ஒரே கரண்டிதான்.

எல்லோருக்கும் ஒரு தட்டு என்றால் அவள் தம்பிக்கு இரண்டு. பாட்டில் பெட்டிகளைத் தோளுக்கு ஒன்றாகச் சுமந்த உடம்பு அது. ஊரே அவனை ரெண்டுதட்டு என்றுதான் கூப்பிட்டது. விறகு பிளப்பது, தண்ணீர் எடுப்பது, கடைசியில் அண்டாவைக் கவிழ்த்துக் கழுவுவது எல்லாம் அவன் வேலை. "ஒரு தட்டு எனக்கு, இன்னொண்ணு என் பசிக்கு. ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டா சண்டை வந்துடும்" என்பான். அக்கா அடிப்பிடித்ததைச் சுரண்டி அவன் தட்டில் போடுவாள். அவனுக்கு அதுதான் பிடிக்கும்.

வாரியம் கூடத்தைப் பார்வையிட வரப்போகிறது என்று தகவல் வந்ததும் அண்டாக்கா ஒரு தப்புச் செய்தாள். விறகடுப்பில் ஏற்றும் பாத்திரத்துக்கு வெளியே மண் பூசித்தான் ஏற்றுவார்கள். கரி மண்ணோடு போய்விடும். அதனால் அந்த அண்டா எப்போதும் சேற்றில் புரண்ட எருமை நிறத்தில்தான் இருக்கும். பெரிய மனிதர்கள் வருகிறார்களே என்று அக்காவும் தம்பியும் அதை வெளியே உருட்டிப்போய், சாம்பலும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கண் கூசும்படி ஆக்கிவிட்டார்கள். அன்றைக்கு மட்டும் அது அழுக்காக இருந்திருந்தால் வாரியம் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போயிருக்கும்.

தலைவர் உள்ளே நுழைந்தார். அண்டாவைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர்கள் போன பிறகுதான் உலை வைக்கலாம் என்று அண்டாக்கா அதைக் காலியாக வைத்திருந்தாள். தலைவர் எட்டி உள்ளே பார்த்தார்.

"ஒண்ணுமே இல்ல" என்றார், குரல் தழுதழுக்க. "எவ்வளவு நேர்மை பாருங்க!"

கூட வந்தவர்களும் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டு நேர்மையை ஒப்புக்கொண்டார்கள்.

"இதச் செஞ்சது யாரும்மா?"

"பாத்திரக் கடையில வாங்கினதுங்க."

"அது இல்ல. இத இங்க கொண்டுவந்து இப்படி வச்சது யாரு?"

"நான்தாங்க."

"அப்ப கலைஞர் நீங்கதான்" என்றார் தலைவர். எல்லோரும் கைதட்டினார்கள். என்ன ஏது என்று புரியாமல் ரெண்டுதட்டும் தட்டினான். அவன் தட்டலில்தான் தகரக் கூரையே அதிர்ந்தது.

கைதட்டல் அடங்குவதற்குள் காட்சி அதிகாரி பையிலிருந்து ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்து அண்டாவைச் சுற்றிக் கட்டிவிட்டார். ஒல்லியான மனிதர், அமைதியான குரல். அவர் குரலை உயர்த்தி நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. அவரை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

"ஐயா, நேரமாச்சு, உலை வைக்கணும்" என்றாள் அண்டாக்கா.

"வைங்கம்மா, யார் வேணாம்னது? வேற பாத்திரத்துல வைங்க."

"வேற பெரிய பாத்திரம் இல்லீங்களே."

"அந்த இல்லாமைதாம்மா இந்தப் படைப்போட உயிரே" என்றார் காட்சி அதிகாரி.

அதற்குப் பிறகு கூடத்துக்கு வந்த யோகத்தைச் சொல்லி மாளாது. அண்டா பளிங்கு மேடை ஏறியது. நாலு பக்கமும் விளக்கு. புகை பட்டால் செம்பு மங்கும் என்று அடுப்பை இடித்தார்கள். திரையைக் கழற்றினார்கள். பொது வாழ்வில் ஒளிவுமறைவு கூடாதாம். கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி ஒரு கண்ணாடிப் பெட்டியில் போட வேண்டும் என்று ஏற்பாடானது. வெறுங்கையோடு வந்துகொண்டிருந்தவர்கள் அன்றோடு நின்றுபோனார்கள். கடைக்காரர்கள் பாவம், ஆர்வமாகக் காய் கொண்டுவந்தார்கள். அவற்றை அழகாக அடுக்கி, கெட்டுப்போகாமலிருக்க வார்னிஷ் அடித்து வைத்தார்கள். கத்தரிக்காய் அவ்வளவு மினுமினுப்பாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

சுவர் முழுக்க ஒரு விருந்து வரைந்தார்கள். நீள மேசை, ஆவி பறக்கும் சோறு, பழம், வறுத்த மீன். ஓவியர் கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஈகூட ஏமாந்துபோய் அந்த மீன்மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது.

அண்டாக்கா வீட்டுச் சட்டியில் கொஞ்சம் பொங்கிப் பார்த்தாள். அது இரண்டு வீட்டுக்குக்கூடக் காணவில்லை. நேராக வாரிய அலுவலகத்துக்குப் போய்க் காட்சி அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"அண்டாவ எப்ப சார் குடுப்பீங்க?"

"திருப்பித் தர எங்களுக்கு ஆட்சேபணையே இல்லம்மா. ஆனா நீங்க அதுல சோறு பொங்கிடுவீங்க."

"ஆமா. அதுக்குத்தானே அண்டா."

"பொங்கினா அது பாத்திரமாயிடும். பாத்திரத்தப் பாதுகாக்க வாரியத்துக்கு அதிகாரம் இல்ல. எங்க அதிகாரம் பூரா காலி அண்டாமேலதான். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். பேசாம இருங்க. கண்காட்சி முடிஞ்சதும் அண்டாவும் உங்களுக்கு, புகைக்கூண்டு வச்ச புது அடுப்பும் உங்களுக்கு. ஊருக்கே விருந்து வச்சு முடிச்சுவைக்கறோம்."

"எப்ப முடியும்?"

"நல்லா நடந்தா சீக்கிரம் முடியும். ரொம்ப நல்லா நடந்தா நீட்டிப்போம்" என்று புன்னகை செய்தார்.

ரொம்ப நல்லாத்தான் நடந்தது. அதற்கு நாங்களே காரணமானோம். மத்தியானமானால் கால் தானாகக் கூடத்துக்குத்தானே போகும்? பழக்க தோஷத்தில் சிலர் தட்டோடு போய் வழக்கம்போலச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். எதிரே காலி அண்டா, பின்னால் வரைந்த விருந்து, மடியில் காலித் தட்டு. ஊருக்கு வெளியிலிருந்து பார்க்க வந்த கூட்டம் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. ஓர் அம்மாள் விசும்பி அழுதாள். காட்சி அதிகாரி அந்த அம்மாளையும் பார்த்தார், வரிசையையும் பார்த்தார். மறுநாள் தரையில் கோடு போட்டிருந்தது. கோட்டின் தலைப்பில் "காத்திருப்பு" என்று ஒரு பலகை.

உட்கார்ந்தவர்கள் எல்லோரும் படைப்பின் அங்கமாகிவிட்டார்கள். காலையிலிருந்து மாலை வரை உட்கார வேண்டும். கூலி கிடையாது. கூலி கொடுத்தால் அவர்கள் பசியைக் கொச்சைப்படுத்தியதாகிவிடுமாம். வரிசை குலையாமல் இருந்தால்தான் கண்காட்சி முடியும், முடிந்தால்தான் அண்டா. குலைந்தால் மறுபடி முதலிலிருந்து. முதல் இடத்தில் ரெண்டுதட்டு போய் உட்கார்ந்துகொண்டான்.

காட்சி அதிகாரி அவனுக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"உங்க முகத்துல பசி தெரியலையே."

"உள்ள இருக்குங்க."

"உள்ள இருந்து என்ன பிரயோஜனம்? வர்றவங்களுக்குத் தெரிய வேணாமா?"

"வேணும்னா வயித்துல கைய வச்சுப் பாருங்க, கத்தறது கேக்கும்."

"இதெல்லாம் பேச வேணாம். காத்திருப்புங்கறது மௌனமான படைப்பு. கொஞ்சம் முயற்சி பண்ணுங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அவன் முயற்சி செய்தான். விடியக்காலையில் அக்கா ஒரு கிண்ணம் கஞ்சியோடு அவன் அறைக்குப் போனால் கதவருகிலேயே மறித்தான்.

"வேணாங்க்கா. சாப்பிட்ட முகத்த அந்த ஆளு கண்டுபிடிச்சிடறாரு. நேத்து ஒருத்தர் தண்ணியக் கொஞ்சம் அதிகமாக் குடிச்சதுக்கே வரிசையில கடைசிக்கு அனுப்பிட்டாரு."

"டேய், அண்டாவும் வேணாம் ஒண்ணும் வேணாம். இதக் குடிடா."

"உனக்கு வேணாம். தெருவுக்கு வேணும்ல? இன்னும் கொஞ்ச நாள்தான். அப்புறம் பாரு, நாலு தட்டு கேப்பேன். பேரையே மாத்த வேண்டி வரும்."

அவன் சட்டை அவன்மேல் தொங்கத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் கிண்ணத்தைத் திருப்பி எடுத்துவந்தாள்.

இந்த நேரத்தில்தான் வார்ப்புக்காரர் வந்தார். தண்ணீர்த் தொட்டியும் ஜன்னல் கிராதியும் சிமெண்டில் வார்க்கிறவர். ஒரு சாக்கும் வாளியுமாக வந்து, வரிசையில் இருந்த ஒவ்வொருவருக்கும் முகத்திலும் தோளிலும் கையிலும் ஈர மாவுக்கட்டுப் போல அப்பி அச்சு எடுத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "பாதுகாப்புக்குன்னு சொன்னாங்க" என்றார். யாருடைய பாதுகாப்புக்கு என்று அவருக்கும் தெரியவில்லை. வரிசையில் எங்கள் தெருத் தையல்காரரும் இருந்தார். அவர் முறை வந்தபோது அவருக்கு இருமல் நிற்கவே இல்லை. அச்சு இரண்டு தடவை உடைந்தது.

தையல்காரர் பிறகு ஒருநாள் வரவில்லை. எழுந்திருக்க முடியாமல் வீட்டில் படுத்திருந்தார். வரிசை குலைந்துவிட்டதே என்று எல்லோரும் பதறிப்போனோம். மறுநாள் போய்ப் பார்த்தால் தையல்காரர் அவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார், சாம்பல் நிறத்தில், மடியில் சிமெண்ட் தட்டோடு. காட்சி அதிகாரிக்கு ஒரே திருப்தி. "இவரு இருமறதில்ல கவனிச்சீங்களா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அந்த வாரமே அசல் தையல்காரர் போய்ச் சேர்ந்தார். வரிசையில் இருந்தவர்களுக்கு அவரைத் தூக்க வர அனுமதி கிடைக்கவில்லை. வாரியம் ஓர் இரங்கல் கூட்டம் நடத்தியது. "அவர் நம்மை விட்டுப் போகவில்லை, நம்மோடுதான் இருக்கிறார்" என்று தலைவர் பேசினார். அப்படிப் பேசுவது வழக்கம்தான். ஆனால் அவர் விரலால் சுட்டிக்காட்டியபடி பேசினார்.

இடித்த அடுப்பின் கற்களாவது கிடைக்குமா, வீட்டு வாசலில் பெரிதாக ஓர் அடுப்புப் போடலாமே என்று கேட்க அண்டாக்கா கூடத்துக்குப் பின்னால் இருந்த வார்ப்புக் கொட்டகைக்குப் போனாள். வார்ப்புக்காரர் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசையாக ஏதோ சாக்கு போர்த்தி வைத்திருந்தது. கல்தான் என்று நினைத்து ஒரு சாக்கைத் தூக்கினாள்.

தம்பி உட்கார்ந்திருந்தான். அதே அகன்ற நெற்றி, அதே மூக்கு. ஆனால் கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தது. கழுத்தெலும்பு குச்சி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. விலா எலும்பை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். அண்டாக்கா தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, என் தம்பி இவ்வளவு மெலிசு இல்லையே. அளவு தப்பா எடுத்துட்டீங்களா?"

வார்ப்புக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

"அளவு சரிதாம்மா. அச்சுல எடுத்தத அப்படியேதான் வார்த்தேன். அவங்கதான் செதுக்கச் சொன்னாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல இப்படித்தான் இருப்பாராம்."

அவள் சாக்கைக் கீழே போட்டாள். கல்லையும் மறந்து, காற்றாகக் கூடத்துக்குள் ஓடிவந்து தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திரு. இப்பவே எழுந்திரு."

"வரிசை குலைஞ்சிடும்க்கா!"

"குலையட்டும். நாசமாப் போகட்டும். நீ எழுந்திருடா."

ஒரு காலத்தில் அவனை நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. இப்போது ஒரே இழுப்பில் எழுந்து வந்துவிட்டான். காட்சி அதிகாரி ஓடிவந்து தடுப்பார், கத்துவார் என்று பார்த்தால் அவர் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். "உடம்பப் பாத்துக்குங்க" என்றார். அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் பின்பக்கமாகச் சிலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த மனிதருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் அவளை ரொம்பப் பயமுறுத்தியது என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

அடுத்தடுத்த நாட்களில் மற்றவர்களையும் மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வரிசை முழுக்கச் சிமெண்டானது. வேர்க்காது, இருமாது, ஒரே எடையில் இருக்கும். உடனே வாரியம் கண்காட்சி வெற்றிகரமாக நிறைவடைந்ததாக அறிவித்தது. நிறைவு விழாவில் விருந்து. அண்டாக்காவே சமைக்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள்.

நாங்கள் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டோம். பசித்தவனுக்கு மன்னிப்பது சுலபம், வேறு வேலை இல்லை. அண்டா மேடையிலிருந்து இறங்கியது. கூடத்தின் வெளியே புது அடுப்பு. அண்டாக்கா பிடிவாதமாக அண்டாவுக்கு வெளியே மண் பூசினாள். வண்ண ஆலோசகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரிசி, பருப்பு, வார்னிஷ் படாத காய் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்திருந்தது. கொதி வந்தபோது எழுந்த வாசனையில் கூடத்தைச் சுற்றி நின்றவர்களுக்குப் பேச்சே நின்றுபோனது. குழந்தைகள்கூட அழவில்லை. நானும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரெண்டுதட்டு எனக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி நின்றான், அந்தச் சிலைக்கும் அவனுக்கும் இப்போது அதிக வித்தியாசம் இல்லை. ஆனாலும் கையில் இரண்டு தட்டு வைத்திருந்தான்.

தலைவர் பேசினார். "இந்தப் பகுதியில் முன்பு பசி இருந்தது, ஆனால் அதற்கு ஒரு வடிவம் இல்லை. கண்டபடி கிடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி. இன்று பாருங்கள், ஒரே வரிசையில், ஒரே உயரத்தில்! பசியைத் தீர்ப்பது ஒரு வேளைக்குத்தான். நாங்கள் அதை நிரந்தரமாக்கியிருக்கிறோம்." கைதட்டல் ஓய வெகு நேரம் ஆனது. பிறகு அவர் கையசைத்தார். "வரிசையில் இருப்பவர்களுக்குப் பரிமாறுங்கள்."

அண்டாக்கா கரண்டியும் வாளியுமாக, சிலை வரிசைக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களை நோக்கி வந்தாள். காட்சி அதிகாரி மென்மையாகக் குறுக்கே வந்தார்.

"அம்மா, அந்தப் பக்கம் பார்வையாளர்கள்."

"வரிசையில உக்காந்தவங்க இவங்கதானே சார்?"

"எழுந்து போயிட்டாங்களே. எழுந்திருக்காம இருந்தவங்களுக்குத்தான் விருந்து."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. அதற்குள் அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார்கள். வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் சிமெண்ட் தட்டுகளில் சுடச்சுடச் சோறு வைத்துக்கொண்டே போனார்கள். எங்கள் ஆள் சிலைக்கு முன்னால் மட்டும் இரண்டு தட்டு. வாரியம் நன்றாக விசாரித்துத்தான் செய்திருந்தது. வரிசையின் அந்தக் கடைசியிலிருந்து ஒருவர் வார்னிஷ் டப்பாவும் தூரிகையுமாக வந்துகொண்டிருந்தார், ஒவ்வொரு தட்டாக, ஆவி அடங்குவதற்குள்.

ரெண்டுதட்டு தூரிகையைப் பார்த்தான். தன் கையிலிருந்த தட்டுகளை என்னிடம் கொடுத்தான். கயிற்றைத் தாண்டி நடந்து போய், தன் சிலைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று சிலையிடம் சொல்லிவிட்டு ஒரு தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தான். அவசரமே இல்லை. தூரிகை வருவதற்குள் இரண்டாவது தட்டையும் முடித்தான். அண்டாக்கா அழுதுகொண்டே சிரித்தாள். நாங்களும் கயிற்றைத் தள்ளிக்கொண்டு முன்னே பாய்ந்தோம், காவலாளிகள் கைகோத்து எங்களைத் தடுத்துவிட்டார்கள்.

"யார் இவரு?" என்றார் தலைவர்.

காட்சி அதிகாரி அவன் முகத்தையும் சிலையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இவர்தாங்க அவர்."

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படின்னா... நம்ம வாரியம் ஒருத்தருக்குச் சோறு போட்டுடுச்சு!"

படம் எடுத்தார்கள். தலைவர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவனை வீட்டுக்குக் கூட்டிப்போக அண்டாக்கா வந்தபோதுதான் சிக்கல் முளைத்தது. அவன் சாப்பிட்டது காட்சிப் பொருள். காட்சிப் பொருள் இப்போது அவனுக்குள் இருக்கிறது. காட்சிப் பொருளைக் கூடத்தை விட்டு வெளியே எடுத்துப்போக யாருக்கும் அனுமதி இல்லை. "அதுவும் வாரிய வரலாற்றுல இது ஒண்ணுதாம்மா இருக்கு" என்று காட்சி அதிகாரி நிஜமான வருத்தத்தோடு சொன்னார். சாயங்காலத்துக்குள் அண்டாவில் மிஞ்சிய சோற்றுக்கும் வார்னிஷ் அடித்து, அண்டாவை மறுபடி கூடத்துக்குள் மேடை ஏற்றிவிட்டார்கள்.

இப்போது அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு நாற்காலி, அதில் ரெண்டுதட்டு. வாசலில் பித்தளைப் பலகை: "சாப்பிட்டவர்." தூர தேசத்திலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள். பசி ஒழிந்ததற்கு அத்தாட்சி வேறு எங்கே கிடைக்கும்?

அண்டாக்கா முதல் நாளே தூக்குவாளியோடு போனாள். காவலாளி நல்ல மனிதர்தான், எங்கள் பக்கத்துத் தெருக்காரர்.

"அவருக்குச் சோறு குடுக்க எனக்கு உத்தரவு இல்லீங்கக்கா."

"ஏன்?"

"அவரு சாப்பிட்டாச்சு. பலகையப் பாருங்க."

"அது அன்னிக்குச் சாப்பிட்டதுப்பா! தண்ணிய மட்டும் குடிச்சிட்டு ஒரு மனுஷன் எத்தன நாள் இருப்பான்?"

"பலகையில நாளு போடலையேக்கா" என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி அவளைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினான். அவள் கையில் அண்டாவைக் கிளறும் அந்த நீள இரும்புக் கரண்டி இருந்தது. ஏன் எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஓங்கிக் கண்ணாடியில் அடித்தாள். கண்ணாடி கெட்டி. கணீரென்று சத்தம் மட்டும் வந்தது. மறுபடி அடித்தாள், "என் தம்பிய விடுங்கடா" என்று கத்திக்கொண்டே அடித்தாள், கை மரத்துப்போகும்வரை அடித்தாள். பார்க்க வந்தவர்கள் நெருங்கி வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். அவள் தரையில் உட்கார்ந்ததும் கூடமே அதிரக் கைதட்டினார்கள்.

காட்சி அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இத தினமும் காலையில கூட்டம் வர்ற நேரத்துல செய்ய முடியுமாம்மா?"

அவர் கழுத்தைப் பிடிக்கத்தான் அவளுக்குத் தோன்றியது. பிறகு கண்ணாடியைப் பார்த்தாள். "முடியும்" என்றாள்.

தினமும் செய்கிறாள். அவளுக்கென்று தரையில் ஒரு வட்டம் வரைந்து, மேலே ஒரு விளக்கும் போட்டிருக்கிறார்கள். எங்கே அடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவள் தினமும் ஒரே இடத்தில், இடது கீழ் மூலையில்தான் அடிக்கிறாள். உள்ளே தம்பி காட்டும் இரண்டு விரல் இப்போது முன்னைப்போல உயர எழுவதில்லை. போன வாரம் வார்ப்புக்காரரைக் கூப்பிட்டு, பழையதைவிட இன்னும் கொஞ்சம் மெலிசாக ஒன்று வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று வார்ப்புக்காரர் அளவு பார்க்க வந்தார். நாற்காலியைப் பார்த்தார், கண்ணாடியைச் சுற்றி வந்தார், இடது கீழ் மூலையில் குனிந்தார். அங்கே மயிரிழை போல ஒரு கீறல் விழுந்திருக்கிறது. அதை உள்ளங்கையால் மறைத்தபடி எழுந்து, சிலை எப்போது தயாராகும் என்று கேட்ட காட்சி அதிகாரியிடம், இந்தத் தடவை சிமெண்ட் சரியில்லை, காய நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்டாக்கா இன்று காலையில் கூட்டம் வருவதற்கு முன்பே கரண்டியோடு கூடத்துக்குப் போய்விட்டாள்.